மினுக்கச் சப்பாத்தும் நடக்கும் கால்களும்: ஒரு விமரிசன நோக்கு

ஒரு சமூகம் தனது காப்பியங்களில் தன்னைப் பற்றிச் சொல்வது ஒன்று. சில்லறைப் பொருள்களைப் பற்றித் தனக்குள் வாதிடும்போது தன்னை அறியாமலே வெளிப்படுத்துவது வேறொன்று. முன்னையதை ஆராய்வதற்கு எம்மிடம் நீண்ட விமரிசன மரபு உண்டு. பின்னையதை நாம் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஆடை, அணி, பாதணி பற்றிய வாதங்கள் வீட்டுப் பேச்சாகவோ பள்ளிவாசற் பேச்சாகவோ ஒதுக்கப்பட்டு விடுகின்றன. ஆயின், வர்க்கமும் சமயமும் பால்நிலையும் ஒன்றையொன்று உரசிக்கொள்ளும் இடம் அத்தகைய பேச்சே ஆகும்.

அம்பாறைக் கரையோரத்தில் மருதமுனை தொடக்கம் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை வழியாக அக்கரைப்பற்று வரையுள்ள முஸ்லிம் பட்டினங்களில், பெருநாட் காலத்திலும் கலியாணக் காலத்திலும் கடைகளின் முன்வரிசையில் இடம்பெறும் பண்டமொன்றைப் பற்றியே இக்கட்டுரை பேசுகின்றது. பொன்னிறமும் வெள்ளிநிறமும் பூசி, கண்ணாடிக் கற்களும் மினுக்கத் துகளும் பதித்து, குதியை உயர்த்திச் செய்யப்பட்ட பெண்களின் சப்பாத்து அது. 'ஹீல்ஸ்' என்றே எல்லோரும் அதனைச் சொல்கின்றனர். அது பற்றிய அபிப்பிராயங்கள் பிளவுபட்டுக் கிடக்கின்றன. அப்பிளவை ஆராய்வதே எமது நோக்கம். அச்சப்பாத்து நல்லதா கெட்டதா எனத் தீர்ப்பளிப்பது எமது வேலையன்று.

1

இப்பொருள் பற்றி நிலவும் நிலைப்பாடுகளை வசதி கருதி மூன்றாக வகுக்கலாம். முதலாவது, சமய ஒழுக்கத்தின் பெயரால் அதனைக் கண்டிப்பது. பிறர் பார்வையை ஈர்ப்பது, நடையில் ஓசை எழுப்புவது, உள்ள உயரத்தை மறைத்து இல்லாத உயரத்தைக் காட்டுவது ஆகிய மூன்றும் இங்கு குற்றங்களாகச் சொல்லப்படுகின்றன. இரண்டாவது, முற்போக்காளர் சிலரது நிலை. இவர்களுக்கு அது நுகர்வுப் பண்பாட்டின் சின்னம். திறந்த பொருளாதாரம் கொண்டுவந்து கொட்டிய குப்பை. உழைக்கும் குடும்பத்தின் பணத்தை உறிஞ்சும் போலி ஆடம்பரம். மூன்றாவது, தனிமனித உரிமையின் பெயரால் அதனை ஆதரிப்பது. அணிபவள் விரும்பி அணிகிறாள், அதற்கு மேற் பேச்சில்லை என்பது இதன் சாரம்.

மேலோட்டமாக ஒன்றுக்கொன்று முரண்பட்டனவாகத் தோன்றினும், இம்மூன்றிற்கும் பொதுவான ஓர் அடிப்படை உண்டு. சப்பாத்தின் பொருள் சப்பாத்திலேயே இருக்கின்றது என மூன்றும் கருதுகின்றன. முதலாவது நிலையில் அப்பொருள் பாவம், இரண்டாவதில் மயக்கம், மூன்றாவதில் சுதந்திரம். மனிதரிடையேயுள்ள உறவுகள் பொருள்களுக்கிடையேயுள்ள உறவுகளாக மாறித் தோற்றமளிப்பதை 1867இல் வெளிவந்த மூலதனத்தின் முதலாம் பாகத்தில் மார்க்ஸ் விளக்கினார். அப்பண்ட மாயை பண்டத்தை வாங்குபவரை மட்டுமன்றி அதனைக் கண்டிப்பவரையும் பற்றிக்கொள்ளும் என்பது இங்கு தெளிவாகின்றது.

2

முதலில் சமய நிலையை நோக்குவோம். இவ்வாதத்தில் வழக்கமாக இரு ஆதாரங்கள் எடுத்தாளப்படுகின்றன. ஒன்று, திருக்குர்ஆனின் நூர் அத்தியாயத்து 31ஆம் வசனம். மறைந்துள்ள அலங்காரம் பிறர்க்குத் தெரியவரும்படி பெண்கள் கால்களைத் தட்டி நடக்கலாகாது என்பது அதன் ஒரு பகுதி. மற்றையது, ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் ஒரு ஹதீஸ். பனூ இஸ்ராயீல் சமூகத்தைச் சேர்ந்த குட்டையான பெண்ணொருத்தி, உயரமான இரு பெண்களிடையே நடப்பதற்காக மரத்தாற் கால்கள் செய்துகொண்டாள் என்பது அதிலுள்ள செய்தி.

இவ்விரு ஆதாரங்களும் எமது மேடைகளில் எவ்வாறு வாசிக்கப்படுகின்றன என்பதே விமரிசகனின் அக்கறைக்குரியது. நூர் அத்தியாயத்தில் 31ஆம் வசனத்துக்கு முன் 30ஆம் வசனம் உண்டு. அது ஆண்களை நோக்கிப் பேசுகின்றது. பார்வையைத் தாழ்த்திக்கொள்ளும் கடமையை முதலில் அவர்கள் மேற் சுமத்துகின்றது. குட்டைப் பெண் பற்றிய ஹதீஸுக்கு 13ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய இமாம் நவவி, செயலின் நோக்கத்தைக் கொண்டே அதனை அளக்கின்றார். தன்னை இனங்கண்டு பிறர் துன்புறுத்தாதிருக்கும் பொருட்டு ஒருத்தி அவ்வாறு செய்தால் குற்றமில்லை. பெருமைக்காகவும் ஏமாற்றுவதற்காகவும் செய்தால் தவறு என்பது அவரது விளக்கம்.

அதாவது, மரபான உரையாசிரியர் மனிதரின் நிலைமையையும் நோக்கத்தையும் கேட்டார். இன்றைய பொதுமேடையோ பொருளை மட்டும் கேட்கின்றது. பார்ப்பவன்மீது விதிக்கப்பட்ட கடமை பேச்சிலிருந்து நழுவிவிட, பார்க்கப்படுபவள் மீதான கடமை மட்டும் எஞ்சுகின்றது. இம்மாற்றத்தைச் சமயத்தின் இயல்பு எனச் சொல்லிவிட முடியாது. எதைச் சொல்வது, எதை விடுவது என்பதைத் தீர்மானிக்கும் சமூக அதிகாரம் யாரிடமிருக்கின்றது என்பதையே அது காட்டுகின்றது.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கையும் அவசியமாகின்றது. இலங்கையில் முஸ்லிம் பெண்ணின் உடை உள்ளிருந்து மட்டும் கண்காணிக்கப்படவில்லை. 2013இல் பேரினவாத இயக்கங்கள் ஹலால் சான்றிதழோடு அபாயாவையும் தாக்கின. 2018இல் திருகோணமலைப் பாடசாலையொன்றில் ஆசிரியைகளின் அபாயா பெரும் சர்ச்சையாக்கப்பட்டது. 2019 ஏப்ரலில் நிகழ்ந்த உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின் அவசரகால விதிகளின் கீழ் முகமறைப்பு தடைசெய்யப்பட்டது. இத்தகைய சூழலில், தலைமுதல் அடிவரை பெண்ணின் உடல் இரு தரப்பாராலும் வாசிக்கப்படும் பிரதியாகி விடுகின்றது. அப்பிரதியை வாசிக்கும் மூன்றாவது தரப்பாக முற்போக்கு விமரிசனமும் சேர்ந்துகொள்வதாயின் அதனாற் பயன் யாதுமில்லை.

3

குதியுயர்ந்த பாதணி இயல்பாகவே பெண்ணுக்குரியது என்பதும் மேற்கு நாட்டுச் சரக்கு என்பதும் எம்மிடையே பலர் ஐயமின்றி ஏற்றுக்கொண்ட எண்ணங்கள். வரலாறு இரண்டையும் மறுக்கின்றது. மேற்காசியாவின் குதிரை வீரர், குறிப்பாகப் பாரசீகர், அங்கவடியிற் காலை உறுதியாக ஊன்றி நின்று அம்பெய்வதற்காக உயர்குதிப் பாதணியை அணிந்தனர். 1599இல் ஷா அப்பாஸ் ஐரோப்பிய அரசவைகளுக்குத் தூதுக்குழுவொன்றை அனுப்பினார். பாரசீகத் தொடர்பு பெருகிய அக்காலத்தையொட்டியே ஐரோப்பியப் பிரபுக்களிடம் இப்பாணி பரவியது. ஆக, முஸ்லிம் ஆண்களின் போர்க் கருவியாக இருந்த பொருளொன்று ஐரோப்பிய ஆண்களின் அந்தஸ்துச் சின்னமாயிற்று. பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி சிவப்புக் குதிகளை அணிந்தான். அவனது அரசவையிற் சிவப்புக் குதி அணிவது தனிச் சலுகையாயிருந்தது.

18ஆம் நூற்றாண்டிலே ஆண்கள் குதியைக் கைவிட்டனர். முதலாளித்துவம் வளரத் தொடங்கிய அக்காலத்தில் உழைப்பும் நிதானமும் ஆணின் குணங்களாகப் போற்றப்பட்டன. பிரபுத்துவ அலங்காரம் அவனிடமிருந்து நீங்கிப் பெண்ணிடம் தங்கிற்று. தோர்ஸ்டீன் வெப்லன் 1899இல் எழுதிய ஓய்வு வர்க்கம் பற்றிய நூலில் பெண்களின் உயர்குதிச் சப்பாத்தைக் குறிப்பாகவே எடுத்துக்காட்டினார். மிக எளிய உடலுழைப்பைக்கூட அது கடினமாக்குகின்றது. எனவே, அணிபவள் உழைக்கத் தேவையில்லாதவள் என்பதற்கு அதுவே சான்றாக விளங்குகின்றது என்பது அவரது கருத்து. கணவனின் செல்வத்தை மனைவியின் குதி அறிவிக்கின்றது எனலாம். 1950களில் உருக்குத் தண்டை உள்ளே செருகி ஊசிபோன்ற மெல்லிய குதியைச் செய்யும் நுட்பம் வந்தபின் இந்நிலை மேலும் கூர்மையடைந்தது.

இங்கு முரண்நகையொன்று உண்டு. உழைப்பின்மையின் அடையாளமாகத் தொடங்கிய பொருள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உழைக்கும் பெண்ணின் சீருடையாயிற்று. கடையிலும் வரவேற்பு மேசையிலும் விமானத்திலும் நாள் முழுதும் நின்று வேலைசெய்யும் பெண்கள் குதியணிய வற்புறுத்தப்பட்டனர். 2017இல் பிலிப்பைன்ஸ் அரசின் தொழிற் திணைக்களம் அவ்வற்புறுத்தலைத் தடுத்து உத்தரவிட்டது. 2019இல் ஜப்பானியப் பெண்கள் 'கூட்டூ' என்னும் இயக்கத்தை நடத்தி அதற்கெதிராக அரசுக்கு மனுக் கொடுத்தனர். ஓரிடத்தில் அணியாதே எனக் கட்டளை. பிறிதோரிடத்தில் அணி எனக் கட்டளை. கட்டளையிடும் உரிமை இரண்டிடத்தும் அணிபவளுக்கு வெளியே இருக்கின்றது. மூன்றாவது நிலையினர் பேசும் 'விருப்பம்' என்ற சொல்லை இப்பின்னணியிலேயே எடைபோடுதல் வேண்டும்.

4

இனித் தமிழ் மரபுக்கு வருவோம். சங்க நூல்களிற் பாதணி 'தொடுதோல்' எனவும் 'அடிபுதை அரணம்' எனவும் சுட்டப்படுகின்றது. காட்டுவழி செல்லும் வேட்டுவரும் வணிகரும் காலைக் காத்துக்கொள்ள அணிந்த பொருள் அது; அலங்காரமன்று. பிற்காலத்தில் நிலவுடைமை இறுகச் சாதி ஒழுங்கும் இறுகியபோது பாதணி அதிகாரத்தின் எல்லைக்கோடாகின்றது. இதனை இலக்கியம் இரு முனைகளிற் காட்டுகின்றது. கம்பராமாயணத்திலே அரசனில்லாத அரியணையில் அவனது பாதுகை அமர்ந்து ஆட்சி செய்கின்றது. பெரியபுராணத்திலே வேடராகிய கண்ணப்பர் செருப்புக் காலால் இறைவன் திருமேனியிலிருந்த பூக்களைத் தள்ளுகின்றார். கண்ணிருக்கும் இடத்தை அதே காலால் அடையாளப்படுத்துகின்றார். அன்பின் மிகுதிக்குச் சேக்கிழார் இதனை உதாரணமாக்குகின்றார் என்பது உண்மை. ஆயின், செருப்புக் கால் எத்துணை இழிவாகக் கருதப்பட்ட சமூகத்தில் இக்கதை அவ்வதிர்ச்சியைத் தந்திருக்க முடியும் என்பதும் சிந்திக்கற்பாலது.

இவ்வெல்லைக்கோடு புராணத்தோடு முடிந்துவிடவில்லை. தமிழகத்தின் திருப்பூர் மாவட்டத்து இராஜாவூரில், ஆதிக்க சாதியினர் வாழும் தெருவிற் செருப்பணிந்து நடக்கக்கூடாதென்ற எழுதாத தடையை மீறி 2023 டிசம்பரில் அறுபது தலித் மக்கள் செருப்போடு நடந்தனர். செருப்பைத் தைப்பவனைத் தீண்டத்தகாதவன் என்றும், அதனை அணிய முயல்பவனைத் திமிர் பிடித்தவன் என்றும் சொன்ன சமூகத்தின் பேச்சில், காலில் எதை அணிவது என்பது என்றுமே வெறும் இரசனைப் பிரச்சினையாய் இருந்ததில்லை.

பெண்ணின் காலைப் பொறுத்தவரை மரபு வேறொரு வழியிற் செல்கின்றது. அவளது காலுக்கு உரியதாகச் சொல்லப்பட்டது அணி, பாதணியன்று. திருமணத்தின்போது சிலம்பைக் கழற்றும் 'சிலம்புகழி நோன்பு' பற்றிச் சங்க இலக்கியம் பேசுகின்றது. காலணி பெண்ணின் சமூக நிலையைக் குறிக்கும் எழுத்தாக இருந்தது என்பதற்கு இது சான்று. சிலப்பதிகாரத்திற் சிலம்பு அதனினும் மேலான பணியைச் செய்கின்றது. அது கண்ணகியின் அணி. மதுரையில் வணிகம் தொடங்கக் கோவலனிடம் எஞ்சியிருந்த முதல். ஈற்றில் அரசனின் அநீதியை நிறுவும் தடயம். உள்ளே முத்தா மாணிக்கமா என்பதில் ஓர் உயிரும் ஓர் அரசும் தங்கியிருந்தன. பெண்ணின் காலணி ஒரே வேளையில் அழகும் சொத்தும் சாட்சியமும் ஆதல் கூடும் என்பதை இளங்கோ தெளிவாக உணர்ந்திருந்தார். சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையேயுள்ள காரைதீவில் இன்றும் அக்கண்ணகி தெய்வமாக வழிபடப்படுகின்றாள்.

மினுக்கச் சப்பாத்தின் புதுமை இங்கேதான் விளங்குகின்றது. தமிழ் மரபில் வேறுவேறாக இருந்த சிலம்பும் செருப்பும் அதில் ஒன்றாகிவிட்டன. அது அணியும் பாதணியுமாக இருக்கின்றது. சிலம்பைப்போல் மின்னுகின்றது, சிலம்பைப்போல் ஓசையும் எழுப்புகின்றது. செருப்பைப்போல் வீட்டு வாசலைத் தாண்டித் தெருவுக்கு வருகின்றது. வீட்டுக்குள் ஒலிக்க வேண்டிய அணி தெருவில் ஒலிப்பதே எதிர்ப்பின் உள்ளார்ந்த காரணம் எனத் தோன்றுகின்றது. ஆனால் சிலம்போடு அதனை ஒப்பிடும்போது இழப்பொன்றும் புலனாகின்றது. சிலம்பை விற்று வாழ்க்கையை மீண்டும் தொடங்கலாம் எனக் கோவலன் நம்பினான். பிளாஸ்டிக் கல் பதித்த சப்பாத்து கடையை விட்டு வெளியேறிய கணமே தன் விலையை இழந்து விடுகின்றது. பெண்ணின் காலிலிருந்த சொத்து, சொத்தின் தோற்றமாக மாறியுள்ளது.

5

இவ்விவாதத்தின் தன்மையை அறிய அயல்நாட்டுக் கதையொன்று பெரிதும் உதவும். டென்மார்க்கு எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்தியன் அண்டர்சன் 1845இல் 'சிவப்புச் சப்பாத்துகள்' என்ற கதையை வெளியிட்டார். கோடையில் வெறுங்காலோடும் மாரியில் மரச் சப்பாத்தோடும் திரிந்த காரென் என்னும் ஏழைச் சிறுமிக்கு, சப்பாத்துத் தைப்பவரின் மனைவியொருத்தி பழைய சிவப்புத் துணியிற் சப்பாத்துத் தைத்துக் கொடுக்கின்றாள். தாயின் மரண ஊர்வலத்தில் அச்சிறுமி அவற்றையே அணிந்து செல்கின்றாள், வேறெதுவும் அவளிடமில்லை. பின்னர்ச் செல்வ மூதாட்டி ஒருத்தி அவளைத் தத்தெடுத்துச் சிவப்புச் சப்பாத்தை எரித்து விடுகின்றாள். அரச குமாரி சிவப்புச் சப்பாத்தோடு மக்கள்முன் தோன்றுவதைக் காரென் காண்கிறாள். பிரபு வீட்டுப் பிள்ளைக்கெனத் தைக்கப்பட்ட சிவப்புச் சப்பாத்து ஒருநாள் அவளுக்குக் கிடைக்கின்றது. அதனை அணிந்து தேவாலயத்துக்குச் சென்ற குற்றத்துக்காக அவள் ஓயாது ஆடும் சாபத்துக்குள்ளாகின்றாள். ஈற்றிலே கொலைத்தொழில் புரிபவன் அவளது பாதங்களைச் சப்பாத்தோடு வெட்டுகின்றான்.

இக்கதை அகந்தைக்கு எதிரான நீதிக்கதையாகப் பல தலைமுறைக் குழந்தைகளுக்குச் சொல்லப்பட்டு வந்துள்ளது. வர்க்க நோக்கிற் படிக்கும்போது அதன் நீதி தடுமாறுகின்றது. அதே சிவப்புச் சப்பாத்து அரச குமாரியின் காலில் இருந்தபோது வானம் இடிந்து விழவில்லை. யாரும் அவளைச் சபிக்கவுமில்லை. தண்டிக்கப்பட்டது சிவப்பு நிறமன்று. தனக்கு விதிக்கப்படாத நிறத்தை ஏழைச் சிறுமியொருத்தி விரும்பியமையே தண்டனைக்குரியதாயிற்று. அண்டர்சன் ஏழைச் சப்பாத்துத் தொழிலாளி ஒருவரின் மகன் என்பது மனங்கொள்ளத்தக்கது. எந்த வர்க்கம் சப்பாத்தைத் தைத்ததோ அந்த வர்க்கத்தின் பிள்ளை, அதனை விரும்பிய தன் வர்க்கச் சிறுமிக்கே தண்டனை எழுதுகின்றார். ஆளும் கருத்துகள் அடக்கப்பட்டோரின் பேனாவுக்குள்ளும் புகுந்து வேலைசெய்யும் முறைக்கு இதனைவிடத் துயரமான உதாரணம் அரிது.

எமது பட்டினங்களிலும் இதே அளவுகோலே செயற்படுகின்றது. காரில் வந்திறங்கும் முதலாளி வீட்டு மருமகளின் குதிச் சப்பாத்து 'வசதி' எனப்படுகின்றது. கூலித் தொழிலாளியின் மகள் பெருநாளுக்கு அணியும் மலிவான குதிச் சப்பாத்து 'எடுப்பு' எனப்படுகின்றது. ஒரே பொருளுக்கு இரு பெயர்கள் வழங்கும்போது, விமரிசகன் பெயர்களைப் பிரித்த கோட்டையே முதலில் தேட வேண்டும்.

6

அக்கோடு எமது பிரதேசத்தில் எவ்வாறு வரையப்பட்டது? கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே திருமணத்தின் பின் மணமகன் மணமகள் வீட்டுக்கு வருவதே வழக்கம். மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது குடும்பத்தின் தலையாய கடமை. நெல்வயலும் மீன்பிடியும் வியாபாரமும் மருதமுனையின் கைத்தறியும் இக்கடமையை ஓரளவு தாங்கி நின்றன. முன்னைய தலைமுறைப் பெண்கள் சேலையும் முக்காடுமாக, பெரும்பாலும் வெறுங்காலோடு, வளவுக்கு வளவு வேலிப் பொட்டு வழியாகவே சென்று வந்தனர். தறியின் மிதியை அழுத்திய கால்களுக்கும் நெல் அவித்துக் குற்றிய முற்றத்தில் நின்ற கால்களுக்கும் பாதணி தேவைப்படவில்லை. பின்னர் றப்பர்ச் செருப்பு வந்தது. கொம்பனியின் பெயரே பொருளின் பெயராகிப் 'பாட்டா' என அது எல்லோர் காலிலும் ஏறிற்று. கிழக்கிலங்கை நாட்டார் பாடல்களைக் கவிஞர் அனார் தொகுத்து 2013இல் 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' என வெளியிட்டார். இவ்வகைப் பாடல்களைப் படிப்போர், வேலிக்குள் வாழ்ந்த பெண்ணுக்கு வேட்கையும் துணிவும் நையாண்டியும் குறைவின்றி இருந்தன என்பதை உணர்வர்.

1977இன் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. அதே காலத்தையொட்டி மத்திய கிழக்குக்கு வேலைவாய்ப்புப் பயணமும் பெருகிற்று. சீதன வீட்டின் செலவு கூடக் கூட, வீட்டைப் பெற வேண்டிய பெண்ணே அதனைக் கட்டுவதற்காகப் பிறர் வீட்டில் வேலைசெய்யச் சென்றாள். மூதூரைச் சேர்ந்த ரிஸானா நபீக் அவ்வாறு சென்று 2013 ஜனவரி 9ஆம் திகதி சவூதி அரேபியாவில் மரணதண்டனைக்குள்ளானதை நாடு மறந்திருக்காது. அந்நாடுகளிலிருந்து பணமும் வந்தது, அபாயாவும் வந்தது, அங்குள்ள கடைத்தெருக்களின் அழகுணர்வும் வந்தது. சமயச் சீர்திருத்தத்தின் அடையாளமாகக் கருதப்படும் கறுப்பு உடையும் அச்சீர்திருத்தம் கண்டிக்கும் மினுக்கச் சப்பாத்தும் எமது கரைக்கு ஏறக்குறைய ஒரே வழியால் வந்து சேர்ந்தன என்பது கவனத்திற்குரியது.

அபாயாவின் இலட்சியம் ஒருவகைச் சமத்துவம். எல்லோருக்கும் ஒரே நிறம், ஒரே வடிவம். ஆயின், வர்க்க வேறுபாடு நீங்காத சமூகத்தில் உடையால் மட்டும் அதனை மறைக்க முடியாது. முழு உடலும் ஒன்றாக மூடப்படும்போது வேறுபாடு தான் வெளிப்படுவதற்கு எஞ்சிய இடங்களைத் தேடுகின்றது: கைப்பை, கைக்கடிகாரம், விளிம்பின் கீழ்த் தெரியும் சப்பாத்து. கறுப்புத் துணிக்குக் கீழே ஒரு சாண் இடத்தில் மின்னும் பொன்னிறம் இவ்வகையில் வர்க்கத்தின் பேச்சு. அதே வேளையில் அது தனிமனுசி ஒருத்தியின் குரலாகவும் இருக்கின்றது. தன் நிறத்தைத் தானே தெரிவு செய்ய அவளுக்குக் கிடைத்த சிறிய இடம் அதுவாக இருக்கலாம். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் கேட்பவர் பாதியையே கேட்கின்றார்.

முற்போக்காளரின் கண்டனத்திலுள்ள குறைபாடு இதுவே. அவர்கள் அணிபவளின் மயக்கத்தைப் பேசுகின்றனர். செய்பவளின் உழைப்பைப் பேசுவதில்லை. உலகின் பாதணிகளிற் பாதிக்கு மேல் சீனாவில் உற்பத்தியாகின்றன. மலிவுச் சப்பாத்தின் பசை நாற்றத்தை நாள் முழுதும் சுவாசிப்போர் தொழிற்சாலைப் பெண்களே. தமிழகத்தின் ஆம்பூர்ப் பகுதியிற் பாதணியின் மேற்பகுதியைத் தம் வீடுகளிலிருந்தே கையாற் தைத்துக் கொடுக்கும் பெண்கள் உள்ளனர். அவர்களுக்குக் கிடைப்பது சோடிக் கணக்கிலான சொற்பக் கூலி. அதே பகுதியிற் தோல் பதனிடும் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் நஞ்சாக்கியமை பற்றி இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளிக்க நேர்ந்தது. மினுக்கத்தை ஆபாசமாகக் காண்பவர்கள் இவ்வுழைப்பின் நிலையை ஆபாசமாகக் காணாதிருப்பது வியப்புக்குரியது.

இன்னுமொன்று. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையைச் சிதைத்தது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடலோர வீடுகள் அழிந்தன. எமது வழக்கப்படி அவற்றுட் பெரும்பாலானவை பெண்களுக்கு உரியவை. மீள்கட்டுமானத்தின்போது 'குடும்பத் தலைவர்' என்ற நிருவாகச் சொல்லின் மறைவில், புதிய வீட்டின் உரித்து ஆணின் பெயருக்குச் செல்லும் நிலை பல இடங்களில் ஏற்பட்டது. பெண்கள் அமைப்புகள் இதனைக் கேள்விக்குள்ளாக்கின. ஆயின், பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றி ஓயாது பேசும் மேடைகளிலே பெண்ணின் உறுதிப்பத்திரம் அந்த அளவுக்குப் பேசுபொருளாகவில்லை. காலடியிலிருந்த நிலம் கைமாறியபோது மௌனம் காத்தவர்கள் காலிலிருந்த சப்பாத்தைப் பற்றி வாதிடுகின்றனர். சில்லறைப் பொருள் பற்றிய பெருவாதம் பெரும்பொருள் பற்றிய மௌனத்தை மூடிவைக்கும் திரையாக இயங்குவது கருத்துநிலையின் இயல்பான தொழிற்பாடு.

7

அவ்வாறாயின் முற்போக்கு விமரிசனம் இப்பொருளை எந்த அளவுகோலால் அளப்பது? மருத்துவ நோக்கில் உயர்குதி உடலின் பாரத்தை முன்பாதத்துக்குத் தள்ளுகின்றது. நடையின் எட்டைக் குறுக்குகின்றது. மணல் ஒழுங்கையிலே அது புதைகின்றது. வாகனத்தில் ஏற்றி இறக்கப்படும் பெண்ணுக்கென வடிவமைக்கப்பட்ட பொருள் அது. தானே நடந்துசெல்லும் பெண்ணுக்கு அது துணையன்று. இந்த அளவில் அதனைக் குறைகூறுவதற்கு நியாயமுண்டு. ஆயின், குறையின் அளவுகோல் அவளது நடையே ஆதல் வேண்டும். பார்ப்பவனின் சஞ்சலம் ஆகாது. தூரமாக, தனியாக, அச்சமின்றி நடப்பதற்குப் பெண்ணுக்கு எது உதவுகின்றது, எது தடையாகின்றது என்று கேட்பதே பொருள்முதல்வாத வினா.

அவ்வினாவை எழுப்பியவுடன் சப்பாத்து விவாதத்தின் சிறு பகுதியாகச் சுருங்கி விடுகின்றது. தெருவிளக்கு, பஸ்ஸிலே தொந்தரவற்ற இருக்கை, வேலைத்தலத்திலே நியாயமான கூலி, காணி உறுதியிலே தன் பெயர் ஆகியவை முன்னுக்கு வருகின்றன. 1995இல் தொடங்கிய உயர்கல்வி நிறுவனம் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக வளர்ந்து இப்பிரதேசத்துப் பெண்கள் பலரை வேலிக்கு வெளியே அழைத்து வந்திருக்கின்றது. அவர்கள் எதை அணிந்து வருகின்றனர் என்பதைக் காட்டிலும், படித்து முடித்தபின் எங்கே செல்ல முடிகின்றது என்பதே சமூகம் விடையளிக்க வேண்டிய கேள்வி.

எமது படைப்பிலக்கியத்துக்கும் இங்கு ஒரு பணி உண்டு. சிலம்புக்கு ஓர் இளங்கோ இருந்தார். சிவப்புச் சப்பாத்துக்கு, எவ்வளவு கொடுமையான முடிவோடாயினும், ஓர் அண்டர்சன் இருந்தார். கல்முனைக் கடைத்தெருவிலே பெருநாளுக்கு முதல்நாள் இரவு, கையிலுள்ள பணத்தை எண்ணிப் பார்த்து, பொன்னிறச் சப்பாத்தைக் காலில் மாட்டிக் கழற்றி மீண்டும் மாட்டிப் பார்க்கும் கூலித் தொழிலாளியின் மகளை அவளது பக்கத்தில் நின்று எழுதும் சிறுகதை எமக்குத் தேவை. அவளைப் பாவியாக்காமலும் பேதையாக்காமலும் போராளியாக்காமலும் அக்கதை எழுதப்படுதல் வேண்டும். அந்தச் சப்பாத்து அவளுக்கு எவ்வளவு நாட் கூலி, அதனைத் தைத்தவளுக்கு எவ்வளவு நிமிடக் கூலி, அணிந்து எவ்வளவு தூரம் அவளால் நடக்க முடிந்தது என்பவற்றை அறிந்த எழுத்தாளராலேயே அவளது ஆசையின் நியாயத்தையும் அவ்வாசையை விலைப்படுத்தும் அமைப்பின் அநியாயத்தையும் ஒருங்கே காட்ட முடியும்.